திரையில் இருந்த வரி, தாளில் காணோம்

ஒருவர் வருஷக்கணக்கில் யோசித்து எழுதியதை நாலு பக்கமும் ஓரம் விட்டு அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். யோசித்தது தப்பாக இருந்தால் எங்களை யாரும் கேட்பதில்லை. ஓரம் தப்பாக இருந்தால் ஆள் விட்டுத் தேடுவார்கள். பக்க எண் மேலே வருமா, கீழே வருமா என்று கேட்டுக் கேட்டே தொண்டை வறண்ட என் இனத்தாரே, அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போனதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் சிரிக்கக் கூடாது.

பெட்டிக்குப் பூஜை

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் கோபால் அண்ணன் கடையில் தட்டச்சு வேலை பார்த்தேன். தட்டச்சு, நகல் எடுப்பது, அரசாங்க பாரம் நிரப்புவது எல்லாம் ஒரே கடையில். ஒரு நாள் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வாங்கி வந்து இறக்கிவிட்டார். ஊரில் அப்போது அப்படி ஒன்று இருந்த தட்டச்சுக் கடை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பச்சை எழுத்து மினுங்கும் அந்தத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கை பரபரத்தது. தப்பாக அடித்தால் வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, மறுபடி அடிக்கத் தேவையில்லை என்று சொன்னார்கள். அதை நம்பவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அண்ணன் நல்ல நேரம் பார்க்காமல் சுவிட்சைத் தொட விடவில்லை. மாலை போட்டார், திருநீறு பூசினார், திரையின் நடுவில் குங்குமப் பொட்டு வைத்தார். பெட்டியை இணைத்துக் கொடுக்க வந்த சீனர், தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றவர், அண்ணன் தேங்காயை எடுத்து மேலே சுற்ற ஆரம்பித்ததும் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அண்ணே, சாமி உள்ள வந்துட்டாரு, போதும்லா. தேங்காத் தண்ணிய மட்டும் உள்ள விட்டுடாதீங்க."

ஜானகி அக்காவின் இடது கை

என்னோடு வேலை செய்த ஜானகி அக்கா தட்டச்சில் புலி. வரி முடிய நாலு எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும், அக்காவின் இடது கை தானாக எழுந்து உருளையைத் தள்ளிவிட்டுத் திரும்பும். கம்ப்யூட்டரில் மணியும் இல்லை, தள்ள உருளையும் இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? வரிக்கு வரி எழுந்து காற்றைத் தள்ளியது. அங்கே இருந்த தே தாரிக், அதுதான் இழுத்து ஆற்றிய பால் தேநீர்க் கிளாஸ், இரண்டு தடவை தரைக்குப் போனது. பிறகு கையை அடக்கி, ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் கட்டையை ஓங்கிக் குத்தப் பழகிக்கொண்டார்.

அங்கேதான் வினை. இந்தப் பெட்டி வரியைத் தானே மடக்கிக்கொள்ளும், பத்தி முடிந்தால் மட்டும் எண்டர் தட்டினால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை. எங்களுக்கு வந்த முதல் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் அத்தியாயம் முழுவதையும் குத்திக் குத்தியே அடித்து முடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இடது ஓரத்தை அரை அங்குலம் கூட்டச் சொல்லி வந்தபோது, ஒரு வரி முழுதாகவும் அடுத்த வரி ஒரே ஒரு சொல்லாகவும் பக்கம் பக்கமாகப் பல்லுப் போன சீப்பு மாதிரி ஆகிவிட்டது. அக்கா குத்திய ஒவ்வொரு எண்டரையும் தேடித் தேடி நான் அழித்தேன். அக்கா பக்கத்தில் நின்று, கொஞ்சமும் வருத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரி எங்க முடியணும்னு நான்தான சொல்லணும். பெட்டி சொல்லி நான் கேக்கணுமாலா?"

அளவுகோல் புவான்

அந்த முதல் கட்டுரைக்குச் சொந்தக்காரர் மிஸ் பிலோமினா. ஈப்போவில் ஆசிரியை, தாப்பா பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களைப் பற்றி முதுகலைப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்திருந்தார். ஓய்வு நாள் எல்லாம் டேப் ரெக்கார்டரோடு வீடு வீடாகப் போய்ப் பேசச் சொல்லிப் பதிந்திருந்தார். கட்டுரை மலாயில் இருக்கும். நடுநடுவே அந்த மக்கள் பேசியது அப்படியே, ஆங்கில எழுத்தில் தமிழாக வரும். கீழே மலாய் மொழிபெயர்ப்பு இருக்கும்.

எல்லாம் முடித்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோனால், பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓர் அம்மா கண்ணாடி போன்ற அளவுகோலோடு உட்கார்ந்திருப்பாராம். மலாயில் அம்மணியைக் கூப்பிடுவது போல் புவான் என்றுதான் மிஸ் சொல்லுவார், பெயர் தெரியாது. முதல் முறை இடது ஓரம் போதாது, கட்டும்போது எழுத்து உள்ளே போய்விடும் என்று திருப்பிவிட்டார். இரண்டாம் முறை தாளின் நீளம் சரியில்லை என்று திருப்பிவிட்டார். எங்களிடம் இருந்த ஓட்டை போட்ட தொடர் தாள் கொஞ்சம் குட்டை, அவர்கள் கேட்டது கொஞ்சம் நெட்டை. மிஸ்ஸுக்கு ஏற்கெனவே கொடுத்த தவணை எல்லாம் தீர்ந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் கட்டுரை போய்ச் சேராவிட்டால் பதிவே ரத்து, இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. திருப்பி வந்த தாள்கட்டை மிஸ் என் மேசையில் வைத்தார்.

"என் ஆராய்ச்சிய இன்னும் அங்க ஒருத்தரும் படிக்கல மாலா. அளந்துதான் பாத்திருக்காங்க."

புள்ளி வைத்து வேலை வாங்குவது

நெட்டைத் தாளும் வந்தது, நானும் பாடத்தைக் கரைத்துக் குடித்தேன். அந்த வேர்ட் புரோசசரில் ஒரு வித்தை உண்டு. வரியின் முதல் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் இரண்டு எழுத்து அடித்தால், அது பெட்டிக்கு நாம் இடும் கட்டளை. தாள் இவ்வளவு நீளம், மேலே இவ்வளவு விடு, பக்க எண்ணை இங்கே போடு என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். பெட்டி சொன்னதைச் செய்யும், ஆனால் கட்டளை வரியைத் தாளில் அச்சடிக்காது. அது எனக்கும் அதற்கும் நடுவில் உள்ள சங்கதி. முதல் தடவை ஒரு புள்ளியை வைத்துக் கட்டுரை முழுவதன் ஓரத்தையும் நான் நகர்த்தியபோது, எனக்கு ராணி மாதிரி இருந்தது. கோபால் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை செய், இன்னொரு தடவை செய் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தன வருசமா கத்திக் கத்தி வேல வாங்குறேன். நீ ஒரு புள்ளி வச்சு வாங்கிடுறியே."

சூசை ஐயா

மிஸ்ஸின் அப்பா சூசை ஐயா முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல். ஆராய்ச்சியில் பேசியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கடைசி வாரம் தினமும் வடைப் பொட்டலத்தோடு கடைக்கு வந்துவிடுவார். நகல் எடுக்க வருகிற ஆளிடம், முன்பின் தெரியாதவரிடம்கூட, என் பேச்சு புத்தகத்தில் வருகிறது என்பார். அட்டையில் தன் போட்டோ போட முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியாது ஐயா, கறுப்பு அட்டை, தங்க எழுத்து மட்டும்தான் என்றேன். பரவாயில்லை, தங்கமும் நல்லாத்தான் இருக்கும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

மிஸ் பொய் எழுதத் தெரியாதவர். டேப்பைத் தட்டுவதற்குள் ஒருவர் பேச ஆரம்பித்திருந்தால், விட்டுப்போனது தெரியவேண்டும் என்று அந்தப் பேச்சுக்கு முன்னால் மூன்று புள்ளி வைத்துவிடுவார். நம் ஆட்களில் யார் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார்கள்? அதனால் எல்லாப் பேச்சுக்கும் முன்னால் மூன்று புள்ளி இருந்தது. கடைசித் திருத்தமாக, இந்தப் பேச்சுகளை உள்ளே தள்ளி அடிக்காதே, இடது ஓரத்தோடு ஒட்டி வை என்று மிஸ்ஸின் பேராசிரியர் சொல்லி அனுப்பினார். தட்டச்சாக இருந்தால் அழுதிருப்பேன். இந்தப் பெட்டியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஓரத்துக்கு இழுத்தேன். வேலை முடிகிற சந்தோஷத்தில் இருந்த மகளைப் பார்த்து ஐயா தலையை ஆட்டினார்.

"இவ எழுதுனது பூரா நான் பேசுனதுலா. பட்டம் மட்டும் இவளுக்கு."

அவ எங்க?

வியாழன் காலை அச்சு முடிந்து கட்டு தயாராக இருந்தது. மிஸ் அளவுகோலால் நாலு ஓரமும் அளந்தார், நானும் அளந்தேன், கோபால் அண்ணனும் ஒரு தடவை அளந்தார். அச்சு சரியா என்று யாரும் படிக்கவில்லை, போன முறையே படித்துத் திருத்தியாயிற்றே. பைண்டிங் கடைக்கு எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி. சூசை ஐயா மட்டும், போகுமுன் என் பக்கத்தைப் படித்துக் காட்டு என்று மகளை உட்கார வைத்தார். மிஸ் படித்தார்: "பெரட்டுக்கு அனுப்பக் கூடாது, படிக்க வைக்கணும்னு. நானும் மறுநாளே பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்." பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது. அங்கே போய் நிற்க ஆரம்பித்த பிள்ளை அப்புறம் பள்ளிக்கூடம் போகாது.

ஜானகி அக்கா உருகிப்போனார். அந்தக் காலத்திலேயே பெண் பிள்ளையைப் படிக்க வைக்க எந்த அப்பாவுக்குத் தோன்றும் என்று வாயாரப் புகழ்ந்தார். கோபால் அண்ணன் எழுந்து வந்து கை கொடுத்தார். தற்பெருமைக்கு ஒரு நாளும் குறை வைக்காத சூசை ஐயா, கொடுத்த கையை வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடி படி என்றார். மிஸ் மறுபடி படித்தார், பாதியில் நிறுத்தி மேலே இருக்க வேண்டிய வரியைத் தேடினார். தான் அதற்கு முன்னால் ஒரு வரி சொன்னதாகவும், இந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கச் சொன்னது தன் மனைவி ஆரோக்கியம் என்றும், தான் முதலில் முடியாது என்று நின்றதாகவும் ஐயா எங்களுக்குச் சொன்னார். ஆரோக்கியம் அம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கட்டுரை முழுவதிலும் அவர் வருவது அந்த ஒரே ஒரு வரியில்தான். ஐயா தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இதுல நான் மட்டும் நல்லவனா நிக்கிறேன். அவ எங்க?"

பெரட்டு

திரையில் பார்த்தேன், அந்த வரி இருந்தது. தாளில் பார்த்தேன், இல்லை. கோபால் அண்ணன் ரிப்பனைச் சந்தேகப்பட்டார், ஜானகி அக்கா கண்ணேறு என்றார். பெட்டியை விற்ற சீனருக்குப் போன் போட்டால், சுவிட்சை மூடித் திறந்து பார் என்றார். மூடித் திறந்தேன், மறுபடி அச்சடித்தேன், மறுபடி ஆரோக்கியம் அம்மா வரவில்லை. மற்றப் பக்கங்களைப் புரட்டினால் அங்கேயும் அதே கதை. ஒவ்வொருவர் பேச்சிலும் முதல் வரி மட்டும் சுத்தமாக இல்லை. தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒன்று ஒன்றாக ஒப்பிட்டேன். திடீரென்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காணாமல் போன வரி எல்லாம் புள்ளியில் ஆரம்பிக்கிறது. உள்ளே தள்ளி இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை; ஓரத்துக்கு நான் இழுத்தபோது புள்ளி வரியின் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. முதல் இடத்தில் புள்ளி இருந்தால் அது கட்டளை, அச்சடிக்கக் கூடாது என்று நினைத்து, பெட்டி என் சொல் தவறாமல் அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டது.

மருந்து சின்னது. புள்ளிக்கு முன்னால் ஒரே ஓர் இடைவெளி விட்டால் போதும். விட்டேன், அச்சடித்தேன். தாள் மெல்ல மேலே ஏற, "...எம் பொண்டாட்டி ஆரோக்கியந்தான் மொதல்ல சொன்னா, இந்தப் புள்ளய" என்ற வரி எழுத்து எழுத்தாக வந்தது. அப்படி ஒரு ஆனந்தம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பிறகுதான் பயமும் வந்தது. வரிகள் திரும்பி வந்தால் பக்கங்கள் தள்ளும், பக்க எண் மாறும், பொருளடக்கம் மாறும். மறுநாள் வெள்ளிக்கிழமை. அளவுகோல் புவான் அந்த ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்றும் யாருக்கும் தெரியாது.

கடையில் மற்ற வேலை எல்லாம் நின்றது. பிரிண்டர் போட்ட இரைச்சலில் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோபால் அண்ணன் முதலாளி என்பதை மறந்து தாளின் ஓட்டை ஓரங்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். இந்த முறை படிக்காமல் அனுப்புவதில்லை என்று ஜானகி அக்கா திரையைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, மிஸ் தாளைப் பார்த்துச் சரி சொன்னார். சூசை ஐயா நடுவில் உட்கார்ந்து கேட்டார். பெயர் படிக்கத் தேவையே இல்லை. ஒருவர் பேச்சின் முதல் வரி வந்ததுமே இது முனியம்மா, இது எங்க நெரையில பால் வெட்டுன தங்கராசு என்று அவர் சொல்லிவிடுவார். சிலர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் சொன்னார். சாயங்காலம் கடைசிப் பக்கம் சரி பார்த்ததும், ஐயா எழுந்து தோளில் இருந்த துண்டை உதறினார்.

"பெரட்டு எடுத்தாச்சு. எல்லாரும் வந்துட்டாங்க, வேலைக்குப் போலாம்."

ஓர் எழுத்து இடம்

பைண்டிங் கடைக்காரர் கறுப்பு அட்டையைத் தயாராக வைத்திருந்தார், விடிந்ததும் கையில் கொடுத்துவிட்டார். அப்பாவும் மகளும் கோலாலம்பூர் பஸ் ஏறினார்கள். தஞ்சோங் மாலிமில் பஸ் நின்றபோதுகூட ஐயா தேத்தண்ணி குடிக்க இறங்கவில்லையாம், கட்டை மடியிலிருந்து கீழே வைக்க மாட்டேன் என்றாராம். கடையில் எங்களுக்கு அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம். நடந்ததை மறுநாள் மிஸ் வந்து சொன்னார்.

புவான் அளவுகோலை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். மேல் ஓரம் சரி, கீழ் ஓரம் சரி, தாள் சரி. புரட்டிக்கொண்டே வந்தவர் சூசை ஐயா பக்கத்தில் கையை நிறுத்திவிட்டார். மற்ற வரி எல்லாம் ஓரத்தோடு இருக்க, இந்த வரி மட்டும் ஏன் ஓர் எழுத்து உள்ளே இருக்கிறது என்று கேட்டார். கம்ப்யூட்டர், புள்ளி, கட்டளை என்று மிஸ் எங்கிருந்து ஆரம்பிப்பார்? அப்போது பின்னால் நாற்காலியில் இருந்த அப்பா எழுந்து வந்து, அது என் பேச்சுதான் என்று சொல்லி, தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். புவான் அவரை நிமிர்ந்து பார்த்தார். அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். திருப்பி, முன்னால் இருந்த பக்கத்தையும் படித்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். என்ன ஐயா சொன்னீர்கள் என்று நாங்கள் கேட்டோம். அவர் அதற்குத்தான் காத்திருந்தார். அப்புறம் வந்து போன ஒவ்வொருவருக்கும் அதைச் சொன்னார்.

"எம் பொண்டாட்டியப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி நான் மூச்சு விட்ட இடம் புவான் அது, அளக்காதீங்கன்னேன்."

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: ஓரத்தைப் பார்க்க ஓர் அளவுகோல் போதும், உள்ளே யாரைக் காணோம் என்று சொல்ல வடைப் பொட்டலத்தோடு ஓர் அப்பா வந்து உட்கார வேண்டும்.